இளவேனிலுக்கு ஒரு வேன்: சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்

கேரவன் என்றதும் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டியை நினைக்க வேண்டாம். பின் இருக்கைகளை மடக்கி, பலகை வைத்து, மெத்தை விரித்த பழைய வேன், அவ்வளவுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நானும் வீட்டுக்காரரும் அதில் ஐந்து நாள் தங்கி, காலை வேளைகளில் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்தோம். முதல் இரவு படாத பாடு பட்டோம். நீங்கள் அதைப் படவேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

நமக்கேது இளவேனில் என்கிறீர்களா? பிப்ரவரி வாக்கில் ரப்பர் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர்விடும். பால் குறைவதால் பலர் மரம் வெட்டுவதை, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவுவதை, நிறுத்திவைப்பார்கள். மழையும் அவ்வளவாக இருக்காது. ஏப்ரல் வந்துவிட்டால் சாயங்காலம் இடியோடு கொட்டும்.

முதலில் இடம். பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிவிட்டன. ரப்பர் அதிகம் இருப்பது சிறு நிலக்காரர்களிடம். எங்களுக்குச் சித்தப்பாவின் மூன்று ஏக்கர் இருந்தது. அப்படி யாரும் இல்லாதவர்கள் தோட்டத்துக் கோயில் தலைவரைக் கேளுங்கள். குழாயும் கழிப்பறையும் அங்கே இருக்கும். கேட்காமல் உள்ளே போனால் நடுராத்திரியில் ஜாகா (காவல்காரர்) வந்து கதவைத் தட்டுவார். சரளை கொட்டிய இடத்தில், வண்டியின் முகம் சடக்கை (சாலையை)ப் பார்த்தபடி நிறுத்துங்கள். செம்மண் ஒரு மழைக்கே சக்கரத்தை விழுங்கிவிடும்.

அடுத்து காற்று. நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, விசிறியை முகத்துக்கு நேரே வைத்தோம். உள்ளேயிருந்த சூடுதான் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு மணிக்கு வீட்டுக்காரர், "ஏர்கோன் போடவா?" என்றார். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கேஸ் அடுப்பையும் வெளியே வைத்தே பற்றவையுங்கள்.

சரி, என்ன செய்வது? விசிறியைக் கால்மாட்டு ஜன்னலில் வெளியே பார்த்து வையுங்கள். சுற்றியுள்ள இடைவெளியைக் காகித அட்டையால் அடையுங்கள். இல்லாவிட்டால் தள்ளிய சூடு அந்தச் சந்திலேயே திரும்பிவரும். அப்புறம் எதிர்ப்பக்கம் தலைமாட்டு ஜன்னலை மட்டும் ஒரு சாண் திறங்கள். குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். ஜன்னலைவிட நான்கு விரல் அகலமாகக் கொசுவலை வெட்டி, ஓரத்தில் காந்தத் துண்டுகள் வைத்துத் தைத்து, வெளிப்பக்கத் தகரத்தில் ஒட்டவேண்டும். உள்பக்கம் பிளாஸ்டிக், காந்தம் நிற்காது. இது தெரியாமல் எனக்கு ஒரு சாயங்காலம் போனது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று போதும். 20 வாட் விசிறி இரவு 8 மணி நேரம் ஓடினால் 160 வாட்-மணி. பேட்டரியில் இருப்பதோ சுமார் 1,200. ஜெனரேட்டர் கொண்டுவருபவர்கள் தயவுசெய்து வேறு ஊருக்குப் போங்கள்.

இனி நடை. ஏழேகாலுக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்புங்கள். மொட்டை மரங்களுக்குக் கீழே நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். சருகு முழங்கால் ஆழப் பள்ளத்தையும் மூடியிருக்கும், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். செம்பனைப் பக்கம் போனால் மட்டை அடுக்கிய குவியல்மேல் கால் வைக்காதீர்கள். எலியைத் தேடி நாகம் வரும் இடம் அது. குலை வெட்டும் மரத்தடியில் நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம், ஒரு குலை 20 கிலோகூட இருக்கும். கம்பத்தின்மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது ஆந்தைக்கு வைத்த வீடு, எலி பிடிப்பதற்காக.

ஒருநாள் நடையை விட்டுவிட்டுக் கோலகங்சார் போனோம். 1877-இல் இந்த நாட்டில் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் கிழமரம் அங்கே நிற்கிறது. பசியாறிவிட்டுப் போங்கள், வெயில் ஏறிவிடும்.

பின்சேர்க்கை: செப்டம்பரில் போன ஒரு வாசகி, மதியம் முழுக்க யாரோ கூரையில் கல்லெறிந்ததாக எழுதியிருந்தார். அது ரப்பர்க் காய். வெயிலில் காய்ந்து படாரென்று வெடித்துக் கொட்டையை வீசும். அந்தப் பருவத்தில் மரத்தைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். சின்ன வயதில் அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைத்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.