இணையத்தில் கிடைத்த பாடத்தைத் திருத்திப் பகிர்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காசு கொடுக்காமல் பார்க்க முடிகிற பாடமெல்லாம் திறந்த பாடம் ஆகிவிடாது. ஒரு வீடியோவை இலவசமாகப் பார்ப்பது வேறு. அதைத் தமிழாக்கி, வேண்டாததை வெட்டி, நம் மாணவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி வெளியிடுவது வேறு. இரண்டாவதற்கு ஆக்கியவரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை எல்லோருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்ட பாடங்களைத்தான் 2002-லிருந்து யுனெஸ்கோ ‘திறந்த கல்வி வளங்கள்’ என்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 2001-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. அந்தப் பாடங்களோடு மாற்றிப் பயன்படுத்தும் அனுமதியும் சேர்ந்தே வந்தது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் இணையம் வழியாகச் சுமார் 1,60,000 பேர் சேர, மறு ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளங்கள் வந்தன. இவற்றில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் பாடத்தை எடுத்து மாற்றி வெளியிடும் அனுமதி பெரும்பாலும் கிடையாது. படிக்க மட்டும் என்றால் அது ஒரு குறையே இல்லை. பாடம் நடத்தப் போகிறீர்கள் என்றால்தான் கீழே உள்ளது தேவைப்படும்.

படி 1: சிறியதாக எடுங்கள்

முழுப் பாடநெறி வேண்டாம், ஒரே ஒரு பாடம் போதும். ஒளிச்சேர்க்கை என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: தேடுங்கள்

பாடநூல் பக்கங்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ், கல்லூரி அளவிலான குறிப்புகளுக்கு எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர், படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ். யூடியூபில் தேடும்போது வடிகட்டிகளில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ (ஆக்கியவர் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமம்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் மறுபயன்பாட்டுக்கு அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும். ஒரு எச்சரிக்கை: அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போட்டுவிட்டு அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். சேனல் யாருடையது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 3: உரிமத்தைப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக ‘சிசி’, CC) உரிமங்கள் 2002 டிசம்பரில் வெளிவந்தன. இன்று புழங்குவது 2013-ல் வந்த 4.0 பதிப்பு. பழைய படங்களில் 2.0, 3.0 என்றும் இருக்கும். இருப்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். உரிமத்தின் பெயரில் நான்கு துண்டுகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

‘பை’ (BY) என்றால் ஆக்கியவர் பெயரைப் போட வேண்டும். ‘எஸ்ஏ’ (SA) என்றால், மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில்தான் நீங்களும் வெளியிட வேண்டும். ‘என்சி’ (NC) என்றால் வணிகத்துக்கு ஆகாது. கட்டண வகுப்பு எடுப்பவர் இதைத் தவிர்ப்பது, இல்லாவிட்டால் கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது என்பேன். ‘என்டி’ (ND) என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான்! ஆக, என்டி பாடத்தைத் தமிழில் போட ஆசைப்பட்டால் ஆக்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதே வழி. எந்த உரிமமும் கண்ணில் படவில்லையா? முழுப் பதிப்புரிமை உண்டு என்றே கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாடத்துக்கு ஒரு உரிமம் இருக்கும், அதற்குள் இருக்கும் ஒரு படத்துக்கு வேறு உரிமம் இருக்கும். படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள்.

படி 4: கலக்கும் முன் பொருத்தம் பாருங்கள்

விக்கிப்பீடியாவின் உரை ‘பை-எஸ்ஏ 4.0’. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் ‘பை-என்சி-எஸ்ஏ 4.0’. இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்துப் பிசைந்து ஒரே கட்டுரையாக்க முடியாது. முதலாவது வணிகத் தடை போடக் கூடாது என்கிறது, இரண்டாவது போட்டே ஆக வேண்டும் என்கிறது. இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாக, அவற்றின் உரிமத்தோடு அடுத்தடுத்து வைப்பதில் சிக்கல் இல்லை. தொடக்கத்தில் ‘பை’ மட்டும் உள்ளவற்றையே தேடுவது தலைவலியைக் குறைக்கும்.

படி 5: நன்றிக் குறிப்பு எழுதுங்கள்

‘நன்றி: இணையம்’ என்று போடுவது நன்றியே அல்ல. தலைப்பு, ஆக்கியவர், மூலச் சுட்டி, உரிமம் நான்கும் இருக்க வேண்டும். நீங்கள் செய்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இப்படி:

> மூலம்: ‘ஒளிச்சேர்க்கை: ஓர் அறிமுகம்’, ஆக்கியவர் பெயர், பக்கத்தின் சுட்டி. உரிமம்: சிசி பை 4.0. தமிழில் மொழிபெயர்த்து, மூன்றாம் பகுதியைச் சுருக்கியிருக்கிறேன்.

பாடத்தை எடுக்கும்போதே இதை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

படி 6: உங்கள் உரிமத்தை முடிவு செய்யுங்கள்

மூலத்தில் எஸ்ஏ இருந்தால் முடிவு உங்கள் கையில் இல்லை. இல்லாவிட்டால் என் ஓட்டு ‘பை’க்குத்தான். ‘யாராவது விற்றுவிடுவார்களோ’ என்ற பயத்தில் பலர் என்சி சேர்க்கிறார்கள். அது விற்பவரைத் தடுப்பதைவிட, சிறிய கட்டணம் வாங்கும் ஆசிரியரைத் தயங்க வைப்பதுதான் அதிகம். எதுவானாலும் யோசித்துப் போடுங்கள்: ஒருமுறை கொடுத்த உரிமத்தை, ஏற்கெனவே எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது.

படி 7: திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுங்கள்

பிடிஎஃப் மட்டும் போட்டால் அடுத்தவர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவே திண்டாடுவார். கூடவே திருத்த முடிகிற ஓடிடி (.odt) அல்லது டாக்ஸ் (.docx) கோப்பையும் வையுங்கள். தமிழ் எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். உரிம வரியைப் பக்கத்தில் மட்டுமல்லாமல் கோப்பின் முதல் பக்கத்திலும் எழுதுங்கள், கோப்பு பக்கத்தை விட்டுத் தனியே சுற்றப் போகிறது. ஏற்றிய பிறகு, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு போனில் அந்தச் சுட்டியைத் திறந்து பாருங்கள். ‘அனுமதி கோருக’ என்று வந்தால் பகிர்வு அமைப்பை மாற்ற வேண்டும்.