வேளாண் அறிவியல் தேர்வுக்குத் திருப்புதல்: எங்கே தொடங்குவது, எங்கே மதிப்பெண் போகிறது

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிப்பதைத்தான் பலர் திருப்புதல் என்கிறார்கள். அப்படித் தொடங்குபவர்கள் மண் பாடத்தை நான்கு முறை படித்திருப்பார்கள். கால்நடையையும் பண்ணைக் கணக்கையும் தேர்வுக்கு முந்தின இரவுதான் திறப்பார்கள். படித்த பக்கம் பழகிப்போனதால் தெரிந்ததுபோல இருக்கும். வெள்ளைத் தாளை முன்னால் வைத்தால்தான் எவ்வளவு தெரியும் என்பது தெரியும்.

முதல் நாள் வேலை இது. கடைசி நான்கைந்து ஆண்டு வினாத்தாள்களை எடுத்து, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வந்திருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். அதே தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, புத்தகத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் எத்தனை குறிப்புகள் எழுத முடிகிறது என்றும் எழுதுங்கள். மதிப்பெண் அதிகம், எழுதியது குறைவு என்ற பாடங்களில் தொடங்க வேண்டும். பிடித்த பாடத்தில் தொடங்கினால் நாள் கரையும்.

தினமும் இரண்டு கணக்குகளையாவது போடுங்கள். சூத்திரம் எளிது, ஆனாலும் மதிப்பெண் அதிகம் நழுவுவது இங்கேதான். உரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேருக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் முறையே 90, 46, 60 கிலோ வேண்டும். கையில் டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்; 18 சதவீதம் தழை, 46 சதவீதம் மணி), யூரியா (46 சதவீதம் தழை), மியூரேட் ஆஃப் பொட்டாஷ் (60 சதவீதம் சாம்பல்) இருக்கின்றன. மணிச்சத்திலிருந்து தொடங்குங்கள். 46 கிலோ மணிக்கு 100 கிலோ டிஏபி. அதிலேயே 18 கிலோ தழை வந்துவிட்டது. மீதி 72 கிலோ தழைக்கு யூரியா 72 × 100 ÷ 46 = 156.5 கிலோ. பொட்டாஷ் 60 × 100 ÷ 60 = 100 கிலோ. டிஏபியில் வந்த தழையைக் கழிக்க மறந்தால் யூரியா 195.7 கிலோ ஆகிவிடும். இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறு இதுதான். இரண்டு சத்து கொண்ட உரத்தை முதலில் போட்டுவிட்டு, ஒற்றைச் சத்து உரத்தால் மீதியை நிரப்புவது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பயிர் எண்ணிக்கைக் கணக்கில் அலகுதான் கண்ணி. இடைவெளி 60 × 30 செ.மீ. என்றால் 0.6 × 0.3 = 0.18 சதுர மீட்டர். 10,000 ÷ 0.18 = சுமார் 55,556 செடிகள். செ.மீ.-ஐ மாற்றாமல் வகுத்தால் ஹெக்டேருக்கு ஆறு செடிகூட வராது. விடை அபத்தமாக இருந்தால் அலகைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முளைப்புத்திறன் 85, தூய்மை 98 சதவீதம் என்று கொடுத்திருந்தால் இரண்டையும் பெருக்கி (0.833) அந்த எண்ணால் செடி எண்ணிக்கையை வகுக்க வேண்டும், குழிக்கு ஒரு விதை என்றால் சுமார் 66,700 விதை. தெளிப்புக் கணக்கும் இதே இனம்தான்: 50 சதவீத மருந்தில் 10 லிட்டருக்கு 0.05 சதவீதக் கரைசல் வேண்டுமென்றால், 0.05 × 10,000 ÷ 50 = 10 மி.லி. லிட்டரை மி.லி. ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

சத்துக் குறைபாட்டுப் பகுதியை அட்டவணையாக மனப்பாடம் செய்தால் மூன்று நாளில் கலங்கிப்போகும். ஒரே கேள்வி கேளுங்கள்: அறிகுறி முதலில் எந்த இலையில்? தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் நான்கும் செடிக்குள் நகரும் சத்துகள். பற்றாக்குறை வந்தால் செடி கீழிலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பும். ஆகவே முதிர்ந்த இலை முதலில் பாதிக்கப்படும். சுண்ணாம்பு (கால்சியம்), இரும்பு, கந்தகம், போரான் எளிதில் நகராதவை. அறிகுறி தளிரில் தெரியும். இதற்குப் பிறகு அடையாளம் பிரிப்பது லேசு. கீழிலை முழுதும் வெளுத்தால் தழை. ஊதா நிறம் ஏறினால் மணி. ஓரம் கருகினால் சாம்பல். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், கீழிலையில் மெக்னீசியம், தளிரில் இரும்பு. காரணம் கூறுக என்று கேட்டால் எழுதவும் இந்த நகர்வுக் கதையே போதும்.

மண் பாடத்தில் இரண்டு ஜோடிகளைக் கலந்துவிடாதீர்கள். மண் நயம் என்பது மணல், வண்டல், களித் துகள்களின் விகிதம். உழுதாலும் எரு போட்டாலும் மாறாது. மண் கட்டமைப்பு என்பது துகள்கள் சேர்ந்து கட்டியாகும் விதம். இதை உழவும் எருவும் மாற்றும். அடுத்த ஜோடி: அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு, களர் (சோடியம் மிகுந்த) மண்ணுக்கு ஜிப்சம். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், பிறகு நீர் விட்டு வடிக்க வேண்டும். வடிகாலை விட்டுவிட்டு எழுதும் விடை பாதி விடைதான்.

கால்நடைப் பாடத்தில் எண்களை உள்ளபடியே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. சினைக்காலம் மாட்டுக்குச் சுமார் 280 நாள், ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114 (மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது). கோழி முட்டை பொரிக்க 21 நாள். நோய்களை விலங்குவாரியாகப் பிரிப்பதைவிடக் கிருமிவாரியாகப் பிரிப்பது நல்லது: கோமாரியும் கோழி வெள்ளைக்கழிச்சலும் வைரஸ், அடைப்பானும் சப்பை நோயும் பாக்டீரியா, கோழி ரத்தக்கழிச்சல் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக்கால் குணம் என்று எழுதுவது பெரிய பிழை. தடுப்பூசியும் தனிமைப்படுத்தலும்தான் எழுத வேண்டியவை.

படங்களைப் பார்த்துப் படிப்பதில் பயனில்லை. அசைபோடும் விலங்கின் நான்கறை வயிறு, கோழியின் செரிமான மண்டலம், ஒட்டுக் கட்டுதல், பதியம், இவ்வளவையும் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் வைத்து நினைவிலிருந்து வரைந்து, பிறகு புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பாகக் கோடு பாகத்தைத் தொட்டிருக்க வேண்டும்; காற்றில் நிற்கும் கோட்டுக்கு மதிப்பெண் கிடைக்காது. நிழல் தீட்டுவதெல்லாம் வீண் வேலை.

செய்முறைக்குக் கையும் கண்ணும் பழக வேண்டும். யூரியா வெண்ணிற உருண்டை, நீரில் முழுதும் கரையும், கரையும்போது குவளை சில்லிடும். சூப்பர் பாஸ்பேட் சாம்பல் நிறம், ஜிப்சம் கலந்திருப்பதால் அடியில் கரையாத படிவு நிற்கும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள்: மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேல். படிந்த அடுக்குகளை அளவுகோலால் அளந்து சதவீதம் போட்டுப் பாருங்கள். மண் நயக் கேள்வி இதற்குப் பிறகு பயமுறுத்தாது.

விடை எழுதும்போது வினாச்சொல்லைப் பாருங்கள். 'வேறுபடுத்துக' என்றால் இரண்டு பத்தியாக இல்லாமல், எதிரெதிராக ஒரே அம்சத்தை ஒப்பிட வேண்டும். 'பட்டியலிடுக' என்றால் விளக்கம் வேண்டாம். மூன்று மதிப்பெண் கேள்விக்குப் பெரும்பாலும் மூன்று தனிக் கருத்துகள் தேவை. ஒரே கருத்தை மூன்று வாக்கியமாக நீட்டினால் ஒரு மதிப்பெண்தான். 'களையெடுப்பதால் விளைச்சல் கூடும்' என்று நிறுத்தாதீர்கள். நீர், ஒளி, சத்து மூன்றுக்கும் களை போட்டியிடுவதையும், பூச்சிகளுக்கு மாற்று இருப்பிடமாவதையும் சேர்த்தால் விடை நிறையும்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். முழு வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, மறுநாள் சிவப்பு மையால் நீங்களே திருத்துங்கள். தவறியவற்றை மட்டும் ஒரு சீட்டில் எழுதி, மூன்றாம் நாள் அந்தச் சீட்டிலிருந்தே மறுபடி எழுதிப் பாருங்கள். மறுபடியும் தவறியவை மட்டும் தேர்வுக் காலையில் பார்க்க வேண்டியவை.