மூக்கை நம்பிச் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் ஒருமுறை கேஸ் குழாய் கசிந்தது. அடுப்படியிலேயே நின்றிருந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பால் வாங்கிக்கொண்டு வந்த அப்பாதான் வாசலிலேயே கண்டுபிடித்தார். அம்மாவின் மூக்கில் கோளாறு எதுவுமில்லை. ஒரே வாசனை சில நிமிடம் தொடர்ந்து வந்தால் மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகளும் மூளையும் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். ‘நாற்றம் போயிருச்சு, கேஸும் போயிருச்சு’ என்று லைட்டரை எடுப்பது அதனால்தான் ஆபத்து. வெளியே போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து முகர்ந்தால் மூக்கு மறுபடி சொல்லும். சமையல் கேஸுக்கென்று சொல்லும்படியான வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள்.

அடுத்தது, மல்லிகைக்கு ஓர் ஏற்பி, கருவாட்டுக்கு ஓர் ஏற்பி என்று நினைப்பது. 1991-இல் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் ஏற்பிகளுக்கான மரபணுக்களைக் கண்டறிந்தார்கள் (2004-இல் நோபல்). நமக்கு இருப்பது சுமார் 400 வகை. மூக்கின் கூரையில் இருக்கும் ஒவ்வொரு நரம்புச் செல்லும் அதில் ஒரு வகையை மட்டும் வைத்திருக்கும். ஆனால் ஒரே மூலக்கூறு பல வகைகளைத் தூண்டும், ஒரே ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு மசியும். எவையெல்லாம் சேர்ந்து தூண்டப்பட்டன என்ற கூட்டணியை வைத்துத்தான் மூளை ‘இது மல்லிகை’ என்கிறது. அளவு மாறினால் கூட்டணியும் மாறும். மல்லிகையில் இருக்கும் இண்டோல் என்ற வேதிப்பொருள் மலத்திலும் இருக்கிறது! கொஞ்சமாக இருந்தால் பூவாசம், கூடினால் மூக்கைப் பொத்த வேண்டியதுதான்.

கொரோனா காலத்தில் பலர் விக்ஸை முகர்ந்து பார்த்து, ‘ஜில்லுனு ஏறுது, எனக்கு ஒண்ணுமில்ல’ என்றார்கள். அந்த ஜில்லிப்பு வாசனையே அல்ல. முகத்தின் தொடு உணர்ச்சியைக் கடத்தும் வேறொரு நரம்பின் வேலை. சோதிக்க வேண்டுமானால் காப்பித்தூள் போதும்.

உயிரையே வாங்கும் தவறு கழிவுநீர்த் தொட்டியில் நடக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் சட்டென்று நின்றால் வாயு கூடியிருக்கலாம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறேன் என்று நீங்களும் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101-ஐ அழையுங்கள்.