காமன் கூத்து வீடியோவில் மழைச் சத்தமா?

மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தைப் போனில் எடுத்தேன், லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டியதில் பாட்டுக்கு அடியில் ஒரே இரைச்சல். அதைக் குறைக்க ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள் இருந்தால் போதும், இலவசம், திறந்த மூலம்.

வீடியோவை அப்படியே ஒடாசிட்டிக்குள் இழுத்துப் போட்டால் ஒலி மட்டும் வரும். வராவிட்டால் வீடியோக் கோப்புகளைத் திறக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் நிறுவ வேண்டும். இப்போது யாரும் பாடாமல், தப்பு மேளமும் அடிக்காமல் மழை மட்டும் கேட்கிற இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்தெடுங்கள். எஃபெக்ட் மெனுவில் நொய்ஸ் ரிடக்‌ஷன், அதில் கெட் நொய்ஸ் புரொஃபைல், இது இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொள்ளும். அப்புறம் முழு ஒலியையும் தேர்ந்து அதே இடத்துக்குத் திரும்பப் போய், இரைச்சலைக் குறைக்கும் அளவை 12 டெசிபலில் வைத்து ஓகே கொடுங்கள். ஆசைப்பட்டு 24க்கு ஏற்றினால் பாடுகிறவர் தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடும், நான் பட்டது. சீரான இரைச்சல்தான் இதில் போகும், நடுவில் குரைத்த நாய் குரைத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒலியின் நீளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், ஒரு விநாடி வெட்டினாலும் வாயசைப்பு தப்பிவிடும். வேவ் கோப்பாகச் சேமித்து, ஷொட்கட் என்ற வீடியோத் தொகுப்பு மென்பொருளில் பழைய ஒலியை மியூட் செய்துவிட்டு இதை வீடியோவுக்குக் கீழே வைத்தால் சரி.

கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்கு அனுப்ப வேண்டுமென்றால் வீடியோவைச் சிறிதாக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 720பி அளவைத் தேர்ந்து, படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் எண்ணை 23இல் வையுங்கள். எண் கூடக் கூடக் கோப்பு சிறுக்கும், படமும் மங்கும்.