டெக்ஸ்வொர்க்ஸில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே திருத்துவது எப்படி?

திருவாரூர்ப் பக்கம் வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை லேடெக்கில் (கட்டளைகளோடு அடித்தால் பக்கத்தை அமைத்துத் தரும் மென்பொருள்) அடிக்க உட்கார்ந்ததும் கேட்பது இதுதான்: "எல்லாம் கட்டளையா இருக்கே சார், பக்கம் எங்க?" லேடெக் கோப்பை அடித்துத் திருத்த உதவும் டெக்ஸ்வொர்க்ஸில் பக்கம் தனி விண்டோவில் வரும். இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் லேடெக்கை இயக்கும் தொகுப்பான மிக்டெக் அல்லது டெக் லைவ் நிறுவுங்கள். விண்டோஸில் டெக்ஸ்வொர்க்ஸும் கூடவே வந்துவிடும். கோப்புப் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் வையுங்கள்.

அடுத்து, மேலே பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டியலில் ஸீலேடெக்கை (XeLaTeX) தேர்ந்தெடுங்கள். யூனிகோட் தமிழுக்கு அதுதான் சரிப்படும். கோப்பின் தொடக்கத்தில் எழுத்துருவை அமைக்கும் கட்டளையில் லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்து, ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் சொல்லிவிடுங்கள். இதை விட்டால் 'கொள்ளிடம்' என்று அடித்ததில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

இனி கோப்பைப் பக்கமாக மாற்ற கன்ட்ரோலோடு டி அழுத்துங்கள். பிழை இல்லையென்றால் பிடிஎஃப் விண்டோ தானே திறக்கும். விண்டோஸ் விசையும் அம்புக்குறியும் சேர்த்து அழுத்தி, நீங்கள் கட்டளைகளோடு அடித்த மூலத்தை இடப்பக்கமும் பிடிஎஃபை வலப்பக்கமும் நிறுத்துங்கள். ஒவ்வொரு டி-க்கும் கோப்பு தானாகச் சேமிக்கப்படும். ஐப்பசி மழையில் கரண்ட் போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

திருத்தும் வேலை இனிமேல்தான். வாசிப்பதை வலப்பக்கத்தில் மட்டும் வாசியுங்கள். மூலத்தில் வாசித்தால் கண் கட்டளைகளில் மாட்டிக்கொண்டு எழுத்துப்பிழையைத் தாண்டிப் போய்விடும். குறுவை அட்டவணையில் ஆடுதுறை 43 நெல் ரகத்துக்கு வயது 110 நாள் என்பது 101 என்று விழுந்திருக்கிறதா? பிடிஎஃபில் அந்த எண்மீது கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சொடுக்குங்கள். மூலத்தில் அந்த வரிக்கோ அதன் அருகிலோ கொண்டுபோய் விடும். மூலத்தில் அப்படிச் சொடுக்கினால் பிடிஎஃபில் அந்த இடம் தெரியும். இதைச் செய்வது சிங்க்டெக். அட்டவணைக்குள் ஒன்றிரண்டு வரி தள்ளிக் காட்டுவதும் உண்டு.

ஓரத்தையும் கவனியுங்கள். 'மயிலாடுதுறையிலிருந்து' போன்ற நீளச் சொல் வரிக்கடைசியில் உடைய மாட்டாமல் மார்ஜினைத் தாண்டி நீட்டும். மொழிக்கேற்ற அமைப்புகளைத் தரும் பாலிகிளாசியா (polyglossia) என்ற துணைத்தொகுப்பில் தமிழை முதன்மை மொழியாக வைத்தால் பெரும்பாலும் சரியாகும். மிச்சத்துக்கு வாக்கியத்தை மாற்றி எழுதுவதுதான் என் வழக்கம், வரியும் நன்றாக அமையும்.

சொல்லுக்குச் சொல் டி அழுத்த வேண்டாம், பத்திக்கு ஒருமுறை போதும். குறுக்குக் குறிப்பு ('அட்டவணை 2-ஐப் பார்க்க' போன்றது) இருக்கும் இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி வந்தால் இன்னொரு தடவை ஓட்டுங்கள். கீழே செய்திகள் ஓடி நின்றுவிட்டால் ஆச்சரியக்குறியில் தொடங்கும் முதல் வரியை மட்டும் பாருங்கள். அதையடுத்து வரி எண் இருக்கும். மற்றவை பெரும்பாலும் அந்த ஒரு பிழையின் வால்தான்.

பிடிஎஃபை எழுத முடியவில்லை என்று பிழை வந்தால், அதே கோப்பு அக்ரோபாட்டில் திறந்திருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி டி அழுத்துங்கள்.