ஊருக்குப் போகமுன் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள்

வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கென்று பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகிறவர்கள் வெயிலுக்கும் நுளம்புக்கும் ஆயத்தமாகத்தான் போகிறார்கள். வளவுக்குள் இருக்கிற கிணறு மட்டும் நினைவுக்கு வருவதில்லை. நாங்கள் அதோடு வளர்ந்தவர்கள். பிள்ளைகள் அப்படியில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிணறு, கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடுகிற விளையாட்டுச் சாமான்.

ரிக்கற் போட்ட கையோடு, தங்கப்போகும் வீட்டுக்கு எடுத்துக் கேளுங்கள். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, எவ்வளவு உயரம், மேலே கம்பி வலை போட்டிருக்கிறதா? "இவ்வளவு காலமும் ஒருத்தரும் விழேல்லை" என்று அம்மம்மா சொல்லுவா. சொல்லட்டும். சொக்கலேற்றுக்குப் போகிற காசில் கொஞ்சத்தை முன்கூட்டியே அனுப்பி, வெல்டிங் கடையில் ஒரு கம்பி மூடி அடிப்பியுங்கள். வாளி விடுகிற பக்கம் திறந்து பூட்டக்கூடியதாக இருந்தால் வீட்டுக்காரருக்கும் இடைஞ்சல் இல்லை. கட்டு உயரமென்று நம்பியிருக்க வேண்டாம். அதோடு ஒட்டி உடுப்புத் தோய்க்கிற கல்லோ கவிழ்த்த வாளியோ இருக்கும். பிள்ளை ஏற அது காணும்.

கட்டில்லாத கிணறு இதைவிடப் பொல்லாதது. தோட்டக் கிணறுகள் சில நிலமட்டத்திலேயே இருக்கும். வலிகாமம் வடக்கில் கனகாலம் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் பற்றை மூடிய கிணறுகளும் இருக்கலாம். பழைய காணி பார்க்கப் போனால் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மார்கழியில் வெள்ளம் நின்றால் முற்றம், வாய்க்கால், கிணறு எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும்.

குளியலறை வாளியையும் மறக்க வேண்டாம். தவழுகிற பிள்ளை குப்புற விழுந்தால் நிமிர முடியாது. குளித்து முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள்.

கடலுக்குப் போனால் காரைநகர் கசூரினா கடற்கரை ஆழம் குறைந்தது. அதனாலேயே பெரியவர்கள் கதையில் இருந்துவிடுகிறார்கள். திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடல் ஆடி ஆவணியில் அமைதியாக இருக்கும், மார்கழியில் அப்படியில்லை. கீரிமலைக் கேணியில் பாசி பிடித்த படி வழுக்கும். நீச்சல் வகுப்புக்குப் போன பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள், குளோரின் தண்ணீரில் அலையும் இழுவையும் இல்லை. காற்றடைத்த கைப்பட்டியும் விளையாட்டுச் சாமான்தான்.

வான் பிடித்து மாமா, சித்தி, மச்சான்மார் என்று கூட்டமாகப் போகும்போதுதான் எனக்குக் கூடுதலான பயம். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று ஆளுக்காள் நினைத்து ஒருவரும் பார்ப்பதில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். அந்த நேரம் அவர் கையில் போன் இருக்கக்கூடாது. மூழ்கிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது.

பிள்ளையைக் காணவில்லையென்றால் ஒழுங்கையில் தேடமுன் கிணற்றையும் தொட்டியையும் பாருங்கள். நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்க வேண்டாம். வாளிக் கயிறு, சேலை, மூடிய வெறும் பிளாஸ்ரிக் கான், கிடைத்ததை எறியுங்கள். வெளியில் எடுத்த பிள்ளை மூச்சு விடாவிட்டால் உடனே வாயால் ஐந்து தரம் மூச்சு ஊதி, பிறகு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. மற்றவர் 1990 க்கு அடிக்கட்டும், அம்புலன்ஸ் இலவசம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றவோ வயிற்றை அமத்தவோ யாரையும் விடாதீர்கள். பிள்ளை இருமி எழும்பிவிட்டாலும், மூச்சுச் சிக்கல் பிறகும் வரலாம் என்பதால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.