மலையிலும் ட்ராக்கிலும் ஓடும் ஹேட்ச்பேக்: சஸ்பென்ஷன் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அதே காரைக் கோவை தாண்டி ஓட்டிப்போய்ச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் இறக்கினால், குண்டு குழி இல்லாத சமமான தார். நீலகிரியில் குடியிருந்துகொண்டு ட்ராக் டே (சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டும் நாள்) போகிறவர்களின் கார் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ட்ராக்குக்குப் போவது வருடத்தில் நாலைந்து நாள். மற்ற நாளெல்லாம் மலை ரோடு, மழை, மூடுபனி, பின்சீட்டில் அம்மா. சஸ்பென்ஷன் மாற்ற நினைக்கிற டிஎன் 43 (நீலகிரிப் பதிவெண்) தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "அண்ணா, காரோட உயரத்தை எவ்வளவு இறக்கலாம்?"

தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கேட்க வேண்டியது, சக்கரம் மேலும் கீழும் போய்வர எவ்வளவு இடம் மிச்சமிருக்கும் என்பதைத்தான்.

ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவைக் கவனித்துப் பாருங்கள். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடச் செங்குத்தாக ஏறும். கார் திரும்பும்போது நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் இருக்காது, ரோடே முறுக்கிக்கொண்டு போகும். ஏற்றத்தால் எடை பின்னால் போகிறது, திருப்பத்தால் வெளிப்பக்கம் போகிறது. இரண்டும் சேர்ந்து உள்பக்க முன்சக்கரத்தை லேசாக்கிவிடும். நம் ஹேட்ச்பேக்குகள் அநேகமாக எல்லாமே முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். அந்தச் சக்கரம் தரையைத் தேடிக் கீழே இறங்க முடியாவிட்டால் வெறுமனே சுழலும், வண்டி வளைவிலேயே திணறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பக்க ஸ்பிரிங் ஒன்றின் மேல் 290 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ சொச்சம் எடையுள்ள காருக்கு இது பொருந்தி வரும். கம்பெனி ஸ்பிரிங் மி.மீ.க்கு 2.2 கிலோ (ஒரு மி.மீ. அமுங்க 2.2 கிலோ எடை வேண்டும்) என்றால், நிற்கும் நிலையில் அது 132 மி.மீ. அமுங்கியிருக்கும். 6 கிலோ ஸ்பிரிங் போட்டால் 48 மி.மீ. மட்டுமே. அதாவது சக்கரம் 48 மி.மீ. கீழே இறங்கியதுமே ஸ்பிரிங்கில் தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை. கார் எழும்பி அமரும் வேகமும் வினாடிக்கு ஏறத்தாழ 1.4 தடவையிலிருந்து 2.3 தடவையாகிவிடும். ரோட்டுக் காருக்கு 1 முதல் 1.5 வரை சுகம். 2-ஐத் தாண்டினால் அது வழவழப்பான ட்ராக்குக்கு மட்டும். அதே எடைக்கு 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் சக்கரம் கீழிறங்க 73 மி.மீ. இடமும், வினாடிக்குச் சுமார் 1.85 தடவையும் வரும். நம் ஊருக்கு முன்பக்கம் இதுதான் மேல் எல்லை என்பது என் கருத்து. விற்பவர் ஸ்பிரிங்கின் இந்தக் கிலோ எண்ணைச் சொல்ல மாட்டேன் என்றால் அந்தப் பொருளை வாங்காதீர்கள்.

அடுத்து, பழைய ஷாக் அப்சார்பரை (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பாகம்) அப்படியே வைத்துக்கொண்டு தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் மாட்டுவது. செலவு குறைவு என்று நானும் இதைத்தான் முதலில் செய்தேன், 40 மி.மீ. இறக்கம். மரப்பாலம் பக்கம் ஒரு வளைவில், நடுவில் ஒட்டுப்போட்ட தார் மேல் ஏறியதும் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த நொடியில் முன்பக்கம் ஒரு அடி வெளியே வழுக்கிப் போனது. எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான். நடந்தது இதுதான்: ஷாக் அமுங்கி அமுங்கி, அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் முட்டிவிட்டது. முட்டிய கணத்தில் ஸ்பிரிங் கல் மாதிரி ஆகிவிடும். டயர் மேல் திடீரென்று சுமை ஏறும், பிடி போய்விடும். அதோடு, மென்மையான ஸ்பிரிங்குக்காகச் செய்த ஷாக்கால் கடினமான ஸ்பிரிங் விரிந்து வரும் வேகத்தை அடக்க முடியாது. கார் குதித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் காரில் இது நடக்கிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு சின்னக் கேபிள் டை போதும். முன்சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் டஸ்ட் பூட்டை (தூசி படாமல் மூடும் உறை) மேலே தூக்குங்கள். பளபளவென்று தெரியும் ராடில் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, கீழே ஆயில் சீல் வரை தள்ளிவிட்டு, பூட்டை இறக்கிச் சக்கரத்தை மாட்டுங்கள். வழக்கம்போல ஒரு தடவை மலை இறங்கி ஏறுங்கள். திரும்ப வந்து பார்த்தால், ராடில் அது ஏறி நிற்கும் உயரம்தான் ஷாக் அமுங்கிய அதிகபட்சத் தூரம். மேலே பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் நாலு விரல் இடம் இருந்தால் நிம்மதி. பம்ப் ஸ்டாப்பையே போய் நசுக்கியிருந்தால் இனி ஒரு மி.மீ. கூட இறக்காதீர்கள்.

இறக்கினால் காரின் எடை மையம் தாழும், அதனால் சாய்வு குறையும் என்று எல்லோரும் நம்புகிறோம். முன்பக்க மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) அது பாதி உண்மைதான். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் கை) சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழ்ச்சரிவாக இருக்க வேண்டும். அளவுக்கு மேல் இறக்கினால் அது கிடைமட்டமாகி, பிறகு மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது காரின் ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். விளைவு, கார் சாய நினைக்கும் விசை கூடுகிறது. ஸ்டியரிங் ராடின் கோணமும் மாறுவதால், குழியில் ஏறும்போது சக்கரம் தானாகவே லேசாகத் திரும்பும். 25 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுதி) வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் உயரத்தை எப்படி மாற்றுகிறது என்று முதலில் கேளுங்கள். மலிவான சிலவற்றில் ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைத் திருகி இறக்கித்தான் காரைத் தாழ்த்த முடியும். அப்படிச் செய்தால் ஷாக் அமுங்கும் இடத்தைத்தான் நீங்கள் தின்றுவிடுகிறீர்கள். ஷாக்கின் கீழ்ப்பகுதி தனியாகத் திருகும் வகையில் உயரம் மாறினாலும் அமுங்கும் இடம் குறையாது. ஷாக்கின் கடினத்தை மாற்றும் நாபில் 32 கிளிக் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே நாப் அமுங்குவதையும் விரிவதையும் சேர்த்தே மாற்றும் அமைப்பில், நடுவில் உள்ள ஏழெட்டு கிளிக்தான் உருப்படியாகப் பயன்படும். இன்னொன்று, நம் ஊர் ஈரத்துக்கும் சேற்றுக்கும் திருகுமரை ஒரே மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். மாட்டும்போதே பிரஷ்ஷால் ஆன்ட்டி-சீஸ் கிரீஸ் தடவிவிடுங்கள்.

பின்பக்கத்தைக் கடினமாக்குவதில்தான் எனக்கு உண்மையான பயம். முன்சக்கர இழுவைக் காரில் பின்னால் கடினமான ஸ்பிரிங்கோ, டார்ஷன் பீமில் (பின்சக்கரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டு) கூடுதல் கம்பியோ போட்டால் ட்ராக்கில் கார் அழகாகத் திரும்பும். அதை அங்கே ரசிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும்போது, இறக்கத்தில், ஈரத்தாரில், வளைவுக்குள் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஏற்கெனவே லேசாக இருக்கும் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. இந்த ஒன்றில் மட்டும் ட்ராக்கை விட்டுக்கொடுங்கள்.

நல்ல பொருள் வாங்கியும் மாட்டும் விதத்தில் கெடுப்பவர்கள் உண்டு. ஒரு பட்டறையில் என் கார் லிஃப்டில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டார்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ், சக்கரம் தொங்கும் கோணத்திலேயே பூட்டிக்கொண்டது. காரை இறக்கியதும் அது முறுகிய நிலையிலேயே ஓடி, சில மாதத்தில் கிழிந்துவிட்டது. போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரின் எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

பிறகு அலைன்மென்ட். ஸ்பிரிங் புதுசு என்றால் ஒரு வாரம் ஓட்டி, அது அமர்ந்த பின் செய்யுங்கள். முன்பக்கம் மைனஸ் 1.5 டிகிரி கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்வது), டோ (முன்னாலிருந்து பின்னாகச் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது) ஏறத்தாழ பூஜ்யம். டயரைச் சீக்கிரம் தேய்ப்பது கேம்பரைவிடத் தவறான டோதான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். டயர் வழுக்கையாக இருந்தால் மேலே சொன்ன எதற்கும் முன் அதை மாற்றுங்கள்.

டயர் காற்றை மலையிலேயே சரிபார்த்துக்கொண்டு ட்ராக்குக்குப் போவதும் தவறு. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர வித்தியாசம், வெளிக்காற்றின் அழுத்தமே கீழே சுமார் 3 பிஎஸ்ஐ அதிகம். அதனால் கேஜ் குறைத்துக் காட்டும், சமவெளியின் சூடு அதைத் திரும்ப ஏற்றும். மேலே வைத்த எண்ணுக்குக் கீழே அர்த்தமில்லை. செட்டிபாளையத்தில் நிழலில் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு பாருங்கள்.

என் காரின் கையுறைப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. ட்ராக்குக்கு எத்தனை கிளிக், எவ்வளவு காற்று, வீட்டுக்கு எத்தனை என்று இரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் திரும்பும்போது கல்லாறில் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி, முன்னால் ஆறு, பின்னால் எட்டு கிளிக் மென்மையாக்கிவிட்டுத்தான் மலை ஏறுகிறேன்.